ஞாயிறு கடல் கணக்கெடுப்பு: படகில் வருவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திமிங்கிலம், டால்பின், ஆமைக் கணக்கெடுப்புக்காக வரும் ஞாயிறு காலை 5.45-க்குப் படகுத்துறையில் கூடுகிறோம். 6 மணிக்குப் படகு கிளம்பிவிடும். இம்முறை யாருக்காகவும் நிற்காது.

1. வழக்கமான தடம், வழக்கமான வேகம். "அந்தப் பக்கம் நிறையத் தென்படுகிறதாமே" என்று யாரும் படகோட்டியைத் திருப்ப வேண்டாம். தடம் மாறினால் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது. பேராமை முட்டையிடும் பருவத்தை எட்டவே பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஐந்தாறு ஆண்டுக் கணக்கை வைத்துப் பெருகிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவதற்கில்லை.

2. எதுவும் தென்படாவிட்டாலும் படிவத்தை நிரப்புங்கள். போன மாதம் மூன்று படிவங்கள் வெறுமையாக வந்தன. வெற்றுத்தாள் வேறு, பூஜ்யம் வேறு. நேரம், இடம், அலையின் நிலை, எண்ணிக்கை 0 என எழுதித் தாருங்கள்.

3. படம் எடுப்போர்: கூன்முதுகுத் திமிங்கிலம் என்றால் வாலின் அடிப்புறம், டால்பின் என்றால் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு, ஆமை என்றால் கன்னத்துச் செதில்கள், இரு பக்கமும். இவற்றை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறோம். சூரிய உதயத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

4. சுழல் டால்பின்கள் இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் விரிகுடாவில் ஓய்வெடுப்பவை. விசில், கைதட்டல் கூடாது.

5. தொப்பி, தண்ணீர், பென்சில் கட்டாயம். பேனா மை நனைந்தால் கரைந்துவிடுகிறது.

வருவோர் வியாழன் இரவு 8 மணிக்குள் "வருகிறேன்" என்று பதிலிடுங்கள். தொலைநோக்கி இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். குமட்டல் வரும் என்போர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுப்பகுதியில் இடம் ஒதுக்குகிறேன்.