சம்மன் வேற, ரீகோல் வேற மனே

மனே,

நீ வாட்ஸ்அப்பில போட்ட, ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் எக்ஸாமுக்கு படிக்கிற அந்த சொல்லு லிஸ்ட்ட முழுக்க பாத்தன். ஏயில இருந்து இசட் வரைக்கும் வரிசையா அடுக்கி வெச்சிரிக்காங்க, பாடமாக்கினா அடுத்த கிழமையே மறந்துபோயிரும், ஏனெண்டா ஒரு சொல்லுக்கும் அதுக்கு பக்கத்தில கிடக்கிற சொல்லுக்கும் ஒரு சொந்தபந்தமும் இல்ல. அத ஒரு பக்கம் வெச்சிட்டு டெய்லி ஒரு நியூஸ் வாசி. கொலை களவு நியூஸ் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல, நாடுகளுக்குள்ள நடக்கிற பேச்சுவார்த்த, ஒப்பந்தம், தூதுவர கூப்பிடுறது அனுப்புறது, அந்த நியூஸ். அம்மாக்கு அரசியல் பைத்தியம் எண்டு சிரிப்பாய், சிரி. அதில வாற சொல்லு ஒவ்வொண்டுக்கும் ஒரு அளவு இரிக்கு, கூட்டியும் போடேலா குறைச்சும் போடேலா, அதால சொல்லோட சேத்து அத எப்ப பாவிக்கிறதெண்டும் மண்டைக்குள்ள ஏறிரும்.

இப்ப பாரு. ஒரு நாட்டோட கோவம் வந்தா, நம்மட தலைநகரத்தில இரிக்கிற அந்த நாட்டுத் தூதுவர வெளிநாட்டமைச்சுக்கு கூப்பிட்டு என்ன விசயமெண்டு கேக்கிறது, அது சம்மன். இன்னும் முத்தினா அங்க இரிக்கிற நம்மட தூதுவர திருப்பி எடுக்கிறது, அது ரீகோல். மாத்தி எழுதிப்போடாத, சம்மன் பண்றது அடுத்தவன்ட ஆள, ரீகோல் பண்றது தன்ட ஆள. அதுக்கும் மேல எக்ஸ்பெல், வெளிய போ எண்டு அனுப்புறது, அப்ப பேசோனா நொன் கிராட்டா எண்டு ஒரு லத்தீன் சொல்லு வரும், வேண்டாத ஆள் எண்டு அர்த்தம், தூதுவர் உறவு பத்தின 1961 வியன்னா ஒப்பந்தத்தில 9ம் பிரிவில இரிக்கு, ஏன் அனுப்புறம் எண்டு காரணமும் சொல்லத் தேவயில்ல. கடைசியாத்தான் செவர் டைஸ், உறவையே அறுக்கிறது. நம்மட ஊர் வேலிச்சண்ட மாதிரித்தான், முதல்ல கூப்பிட்டு கேப்பாங்க, பிறகு போக்குவரத்து நிண்டுரும், பிறகு செத்தவீட்டுக்கும் சொல்லமாட்டாங்க.

நீ இரிக்கிற கத்தாருக்கே இது நடந்தது, நீ அங்க போறதுக்கு முதல். 2017 ஜூன்ல சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நாலும் சேந்து உறவ அறுத்தாங்க, சவூதிக்கு போற தரைப்பாதையும் பூட்டு, அவங்கட வானமும் பூட்டு, பிறகு 13 கோரிக்கை வேற, அதில ஒண்டு கத்தார்ட அல்ஜசீரா டிவிய மூடணும் எண்டு. 2021 ஜனவரில அல்-உலா மாநாட்டிலதான் அது தீந்தது. கத்தார்காரங்க அத புளொக்கேட் எண்டு சொல்லுவாங்க, மத்தவங்க இல்ல இல்ல இது வெறும் பொய்கொட் எண்டாங்க. புளொக்கேட் எண்டா சுத்தி அடைக்கிறது, குத்தம் அடைச்சவன்ட பக்கம் போயிரும். பொய்கொட் எண்டா எங்களுக்கு விருப்பமில்ல, கொடுக்கல் வாங்கல் வெக்கல்ல, அவ்வளவுதான். அந்த நேரத்து நியூஸ தேடி எடுத்து அல்ஜசீராவில ஒருக்கா, சவூதிப் பேப்பர் ஒண்டில ஒருக்கா வாசிச்சு பாரு, ரிஃப்ட் (பிளவு), ஸ்டான்ட்ஓஃப் (ரெண்டு பக்கமும் விடாம நிக்கிறது), ஈஸ் (தளர்த்துறது), ரீஸ்டோர் (திருப்பி பழையபடி ஆக்கிறது) எல்லாம் ஒரே கதைக்குள்ள வரும். 2020 பெப்ரவரி 29ல அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தத்தில சைன் வெச்சதும் உன்ட டோஹாவிலதான், காசா யுத்தநிறுத்தத்த 2025 ஜனவரில அறிவிச்சதும் அங்கதான். நீ அந்த றோட்டால பஸ்ஸில வேலைக்கு போய் வாறாய், நான் இஞ்ச மட்டக்களப்பு கல்லடியில இருந்து உனக்கு அத சொல்லித்தாறன், என்ன கொடுமை பாரு.

என்ட இங்கிலீஷும் இப்பிடி வந்ததுதான், பள்ளிக்கூடத்தில படிச்சது கொஞ்சம். 2002 பெப்ரவரி 22ல அரசாங்கமும் புலிகளும் யுத்தநிறுத்தம் சைன் பண்ணின பிறகு நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆக்கள் கண்காணிக்க வந்தாங்க, மட்டக்களப்பிலயும் ஒபிஸ் போட்டாங்க. நான் அப்ப டவுனில ஒரு என்ஜிஓவில டைப்பிங் வேல. வாற கடுதாசி எல்லாத்திலயும் வயலேஷன் (மீறல்), அலிகேஷன் (குற்றச்சாட்டு), அக்செஸ் (உள்ள போக அனுமதி), இதுகள்தான், டைப் அடிச்சடிச்சே ஸ்பெல்லிங் கையில வந்துட்டு. ஊர்ச்சனம் நோர்வேய மத்தியஸ்தர் எண்டுதான் கதைக்கும், ஆனா நோர்வே தன்ன மீடியேட்டர் எண்டு சொல்லாது, ஃபெசிலிட்டேட்டர் எண்டுதான் சொல்லும். மீடியேட்டர் எண்டா தானும் ஒரு தீர்வ முன்வெக்கலாம், ஃபெசிலிட்டேட்டர் ரெண்டு பக்கத்தையும் மேசைக்கு கொண்டந்து இருத்துறதோட சரி. 2006ல ஐரோப்பிய யூனியன் புலிகள தடை லிஸ்ட்ல போட்டதும் அந்த யூனியன் நாட்டு ஆக்கள் வெளிக்கிட்டாங்க, நோர்வேயும் ஐஸ்லாந்தும்தான் மிச்சம். 2008 ஜனவரில அரசாங்கம் ஒப்பந்தத்தில இருந்து விலகக்குள்ள இங்கிலீஷ் பேப்பரில அப்ரொகேட், அதாவது ரத்துச்செய்யிறது எண்டு கிடந்தது. டிக்ஷனரியில பாத்தன், ஆனா இஞ்ச இருந்தவங்களுக்கு அர்த்தம் அதுக்கு முதலே தெரியும்.

பிறகு ஜெனிவா. ஐநா மனித உரிமைப் பேரவையில நம்மட நாட்டுப் பிரேரணை வாற நேரமெல்லாம் அந்த டெக்ஸ்ட்ட எடுத்து வாசி, பந்தியள் எல்லாம் வினைச்சொல்லிலதான் தொடங்கும். எக்ஸ்பிரஸ் கன்சேர்ன் எண்டா கவலை, டிப்ளோர் எண்டா அதுக்கு மேல, கண்டெம் எண்டா சரியான கடுமை. அதேமாதிரி என்கரேஜ் (ஊக்குவிக்கிறது), கோல் அப்பன் (கேட்டுக்கொள்றது), ஏர்ஜ் (வலியுறுத்துறது), டிமாண்ட் (கட்டாயமா கேக்கிறது), ஒண்டுக்கு மேல ஒண்டு. 2021 மார்ச்ல 22 நாடு ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 எப்ஸ்டெய்ன், இந்தியா அந்த 14க்குள்ள. எப்ஸ்டெய்ன் பண்ணின நாட்ட நடுநிலை எண்டு எழுதிராத, அது வேற, வோட் போடாம விட்டதுக்கு உள்ளுக்குள்ள நூறு காரணம் இரிக்கும். இன்னொண்டு, ரெண்டு தலைவர்மார் சந்திச்சிட்டு ஃப்ராங்க் டிஸ்கஷன், மனம்விட்டு பேசினம் எண்டு அறிக்கை விட்டா உள்ள நல்லா பிடுங்குப்பட்டிரிக்காங்க எண்டு எடுத்துக்கோ.

2022ல இஞ்ச பெற்றோலுக்கு லைன்ல நிக்கக்குள்ள ஓட்டோக்கார பொடியன்மார் எல்லாம் டிஃபோல்ட் (கடன் கட்ட ஏலாம போறது), ரீஸ்ட்ரக்சரிங் (கடன மாத்தி அமைக்கிறது), டிரான்ச் (கடன்காசு வாற ஒரு தவணை) எண்டு கதைச்சது உனக்கு ஞாபகம் இரிக்கும். ஒருத்தனும் டியூஷனுக்கு போகல்ல. வயித்தோட சம்பந்தப்பட்டா சொல்லு தானா வரும்.

சரி, செய்யிற விதம். முதல்ல தமிழ்ப் பேப்பரில விசயத்த வாசி, பிறகு அதே நியூஸ இங்கிலீஷில வாசி, அப்ப ஒவ்வொரு சொல்லுக்கும் டிக்ஷனரி பாக்கத் தேவயில்ல. கொப்பியில தனிச்சொல் எழுதாத, சோடியா எழுது. சேங்ஷன்ஸ் (தடைகள்) எண்டா இம்போஸ் (போடுறது), லிஃப்ட் (எடுக்கிறது). டோக்ஸ் (பேச்சுவார்த்த) எண்டா ஹோல்ட் (நடத்துறது), ஸ்டோல் (இடையில நிக்கிறது), ரெசூம் (திரும்ப தொடங்குறது). டீல் எண்டா புரோக்கர் (நடுவில நிண்டு பேசி முடிக்கிறது). சேங்ஷன்ஸ மேக் பண்ணினாங்க எண்டு ஒருத்தரும் எழுதமாட்டாங்க, எக்ஸாமில ரைட்டிங்குக்கும் ஸ்பீக்கிங்குக்கும் புள்ளி போடுற நாலு விசயத்தில ஒண்டு இந்த சொல்லுப் பாவனைதான். தூதுவர பத்தி உன்னட்ட கேக்கமாட்டாங்க, அது எனக்கும் தெரியும், ஆனா இம்போஸ், ஈஸ், ப்ரீச் (மீறுறது), ப்ளெஜ் (வாக்குக் குடுக்கிறது), ஏர்ஜ் இதெல்லாம் சுற்றாடல், சுகாதாரம், கல்வி எதில கேள்வி வந்தாலும் போட ஏலும். தலைப்பில வாறத மட்டும் கொப்பியடிக்காத. ஸ்லாம் (கடுமையா விமர்சிக்கிறது), வாவ் (சபதம் எடுக்கிறது), மல் (யோசிக்கிறது) எண்டு குட்டிச்சொல்லு எல்லாம் இடம் காணாதெண்டு போடுறது, கட்டுரையில போட்டா அசிங்கம். தலைப்பில டு விசிட் எண்டிருந்தா இனித்தான் போகப்போறாங்க எண்டு அர்த்தம், அதையும் பாத்துக்கோ.

டிவி வேணாம், அதில கத்துறாங்க.

சனிக்கிழமை கோல் எடுக்கக்குள்ள அந்தக் கிழமை வாசிச்ச ஒரு நியூஸ இங்கிலீஷில சொல்லு, ரெண்டு நிமிசம் காணும், நான் நடுவில நிப்பாட்டி கேள்வி கேப்பன், கூகிள் பாக்கேலா. எக்ஸாம் காசு கட்டுற கடைசித் திகதிய அக்காக்கு அனுப்பு, அவ சீட்டு எடுத்தா பாதிய தாறன் எண்டிரிக்கா. நேரத்துக்கு சாப்பிடு.

அம்மா