காக்காயை ஏன் எழுதவில்லை?

அன்புள்ள மருமகளே,

ஞாயிற்றுக்கிழமை அரிட்டாபட்டியில் நீ எழுதிய பட்டியலை நேற்று ராத்திரிதான் நிதானமாகப் பார்த்தேன். 23 பறவைகள். முதல் வரியில் கழிஞ்சமலைக்கு மேலே வட்டமடித்த லகர் வல்லூறு, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. சரி, அதைப் பார்க்கத்தானே இருட்டோடு மேலூர் பஸ்ஸைப் பிடித்தோம். ஆனால் காக்காய் எங்கே? மைனா எங்கே?

ஊருக்குள் நுழையும் இடத்தில் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நின்ற கல்யாண முருங்கையை நினைத்துப் பார். உன் முறுக்குப் பொட்டலம் தீரும்வரை அதன் அடியில்தான் நின்றோம். ஒரு காக்காய் பூவுக்குள் அலகை விட்டுத் தேன் குடித்தது. நிமிர்ந்தபோது மூக்கெல்லாம் மகரந்தம். அதை விரட்டிக்கொண்டு இரண்டு மைனா, அப்புறம் ஒரு கரிச்சான். மாசி வெயிலில் சுற்றிலும் காய்ந்து கிடக்க, அந்த ஒரு மரத்தில் மட்டும் பந்தி நடந்தது. வல்லூறை நாம் பார்த்தது அரை நிமிஷம். காக்காயை இருபது நிமிஷம்!

பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? 'ஆம்' என்று கொடுத்தால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். உன் கணக்குப்படி அரிட்டாபட்டியில் காக்காயே கிடையாது.

செடிகளிலும் இதே கதைதான். ஆவாரை இருக்கிறது, தும்பை இருக்கிறது. பாதை நெடுக நின்ற எருக்கும் உன்னிச்செடியும் இல்லை. உன்னி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிய அதையும் எழுதத்தான் வேண்டும். நெருஞ்சியை மட்டும் நீ விடவில்லை, காலில் குத்தியதால் இருக்கும்.

2022இல் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்று சொன்னார்கள். 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊரே திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அது ரத்தானதே, அப்போதும் பலர் எடுத்துச்சொன்னது இந்த 250-ஐத்தான். வல்லூறும் ராஜாளியும் மட்டும் இருந்தால் அந்த எண் வருமா?

மாங்குயில் வடக்கே கிளம்புவதற்குள் இன்னொரு தடவை போவோம். நோட்டு உன்னிடமே இருக்கட்டும். பட்டியலை நான் இன்னும் ஏற்றவில்லை. காக்காய் எத்தனை என்று சொல், சேர்த்துவிடுகிறேன். எனக்கு 11 என்று நினைவு.

அன்புடன்,
மாமா