சிவப்பணுவும் நீல மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடுநிலை வகுப்புகளில் செல், திசு, உறுப்பு மண்டலம் என்று பாடம் நடக்கும் அரசுப் பள்ளிகளில்தான் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் வழங்கப்படுகிறது. ஆனால் இவ்விரண்டையும் இணைத்துச் சொல்வோர் அரிது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்று தடையின்றி ஒப்பிக்கும் மாணவி, அந்த அணுவின் ஹீமோகுளோபினுக்கு வேண்டிய இரும்புதான் தன் உள்ளங்கையிலுள்ள நீல நிற மாத்திரையில் இருக்கிறது என்பதை அறியாமல், ஆசிரியர் திரும்பியதும் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறாள்.

அவளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மாத்திரை உண்டபின் மலம் கறுப்பாகப் போவது இயல்பே என்பதையும், வெறும் வயிற்றில் குமட்டக்கூடும் என்பதால்தான் மதிய உணவுக்குப் பின் தரப்படுகிறது என்பதையும், உடனே தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ உண்டால் கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அச்சம் பாதி விலகியிருக்கும். கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால்தான் குடற்புழு நீக்க மாத்திரையும் தரப்படுகிறது என்பதும் இதே பாடத்தைச் சேர்ந்ததே.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. எனவே, இரத்தம் பற்றிய பாடத்தில் இம்மாத்திரை குறித்து ஒரு பக்கம் சேர்க்கவும், அலமாரிகளில் பூட்டிக் கிடக்கும் நுண்ணோக்கிகளை வெளியே எடுத்து, வெங்காயத் தோலின் செல்களையாவது மாணவர்கள் நேரில் காணச் செய்யவும் பள்ளிக் கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.