தொரினோவில் இருக்கும் மகளுக்கு

பலெர்மோ

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ புறுபுறுத்ததையெல்லாம் அம்மா சொன்னா. தொரினோவில் எதைத் தொட்டாலும் வெண்ணெய், பொரித்த சோற்று உருண்டையான அரஞ்சீனா வாங்கினால் உள்ளே சோறு களி மாதிரி, பனெல்லே என்று கேட்டால் கடைக்காரருக்கே விளங்கவில்லை. பிள்ளை, அங்கே போய் அதைத் தேடலாமா? கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரிப்பது இந்த ஊர்ப் பழக்கம். இத்தாலிச் சாப்பாடு என்று பொதுவாக ஒன்று கிடையாது, ஊருக்கொரு சாப்பாடுதான். இவ்வளவு காலமும் குசினியில் நின்றதில் நான் பிடித்துக்கொண்டது இது ஒன்றுதான்.

பாஸ்தா கொன் லே சார்தே, அதுதான் நம் ஊர்ச் சாளை மீன் பாஸ்தா, எப்படிச் செய்வோம் என்று உனக்குத் தெரியும். வசந்த காலத்தில் தானாக முளைக்கிற காட்டுப் பெருஞ்சீரகத் தழையை முதலில் அவிப்போம். அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது, பாஸ்தா அதில்தான் வேகவேண்டும். வெங்காயத்தோடு உப்பு நெத்தலியைக் கரையவிட்டு, முள்ளெடுத்த சாளை, உலர்ந்த திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் சேரும். மேலே தூவுவது வறுத்த பாண்தூள். சீஸ் கேட்டால் எங்கள் தலைமைச் சமையல்காரர் முறைப்பார். அந்தத் தழையும் புது மீனும் இல்லாமல் அங்கே யாரும் செய்து தந்தால், மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு எழும்பு.

சரி, இப்போது உன் ஊருக்கு வருவோம். தொரினோ இருக்கிற பியமோந்தே மாநிலத்துக்குக் கடலே இல்லை, ஆனால் அவர்கள் கொண்டாடுகிற பாஞ்ஞா காவ்தா என்ற சூடான தோய்சாறு நெத்தலி இல்லாமல் நடக்காது. லிகூரியாக் கரையில் உப்புப் போட்ட மீன் மலை தாண்டி அங்கே போனது. நிறைய உள்ளி, அந்த நெத்தலி, ஒலிவ் எண்ணெய், அவ்வளவுதான். அடுப்பு மிகக் குறைவாக எரியவேண்டும். உள்ளி சிவந்தால் கசக்கும், மீன் இருந்த இடம் தெரியாமல் கரையவேண்டும். மண் சட்டியில் சூடாக மேசைக்கு வரும், குடைமிளகாய், கோவா, கார்தோ என்ற காய்கறித் தண்டு எல்லாவற்றையும் அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். குளிர் தொடங்கும்போது உன்னோடு வேலை செய்பவர்கள் கூப்பிட்டால் போ. மறுநாள் வேலைக்குப் போகாத நாளாகப் பார், வாசனை லேசில் விடாது.

அதோடு பார்பேரா வைன் குடிக்கச் சொல்வார்கள், சொன்னபடி குடி. அதன் புளிப்பு எண்ணெயை வெட்டும். பரோலோ வைனை இறைச்சிக்கு வைத்துக்கொள். அது நெப்பியோலோ என்ற திராட்சையில் செய்வது. குறைந்தது 38 மாதம் கிடக்கவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்க்க வெளிறலாக இருக்கும், ஆனால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு நல்லாயில்லை என்று சொல்லாதே. இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை.

அரஞ்சீனாவுக்கு டிசெம்பர் 13க்கு வீட்டுக்கு வா. சாந்தா லூச்சியா என்ற புனிதையின் நாளான அன்று இங்கே பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646இல் பஞ்சத்தின்போது தானியக் கப்பல் வந்ததாம், மாவாக்கப் பொறுமையில்லாமல் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டார்களாம். அதனால் அன்றைக்கு அவித்த கோதுமையில் செய்யும் குச்சீயாவும் அரஞ்சீனாவும்தான். எங்கள் கடையில் அன்று நிற்க நேரம் இருக்காது, ஆனாலும் உனக்கு எடுத்து வைப்பேன்.

பார்சலில் அம்மா வறுத்த மிளகாய்த்தூள் வைத்திருக்கிறா. பாஞ்ஞா காவ்தாவில் மட்டும் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா