பதிலாள் வரட்டும், பிறகு விடுவியுங்கள்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான மாகாண, வலயக் கல்வி அதிகாரிகளுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். என் மகள் உயர்தர உயிரியல் பிரிவில் இரண்டாம் வருடம். சேதன இரசாயனம் தொடங்கிய கையோடு ரசாயன ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தது, அவர் போய்விட்டார். அந்தப் பாடவேளையில் வர்த்தகப் பாட ஆசிரியர் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடத்து அக்கா ஒருவரின் கொப்பியைப் போட்டோ கொப்பி எடுத்து இவர்கள் தாங்களாகவே படிக்கிறார்கள். அதில் பென்சீன் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டுத்தான் விழுந்திருக்கிறது.

ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். மட்டக்களப்பிலிருந்து முதல் நியமனத்தில் வந்தவர். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே ஒரு வாடகை அறையில், இன்னொரு குடும்பத்தோடு குளியலறையைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தார். ஊருக்குப் போக ஒரு பகல் பஸ்ஸிலேயே கழியும். யாராக இருந்தாலும் மாற்றம் கேட்பார்கள்தானே.

என் கேள்வி உங்களிடம்தான். மாற்றத்தை ஏன் பாடத்திட்டத்தின் நடுவில் கொடுக்கிறீர்கள்? உயர்தரம் இரண்டு வருடப் படிப்பு. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியடையாத பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. நுவரெலியா மாவட்டத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி குறைவு, உங்களுக்கென்ன என்று கொழும்புக்காரர்கள் சொல்வார்கள். ரசாயனத்தில் எஃப் எடுத்து சித்தியடையாமல் போன பிள்ளைக்கு மாவட்டக் கோட்டா எதற்கு? தப்பித்துக்கொள்ள நினைப்பவர்கள் கலைப்பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் விஞ்ஞானப் பிரிவே மூடப்படும். பிறகு இந்த மலையிலிருந்து விஞ்ஞானப் பட்டதாரி எங்கிருந்து வருவார், ஊரோடு தங்கிப் படிப்பிக்க?

இன்னொன்று. வேறு பாடசாலைக்குத் தற்காலிக இணைப்பில் போன ஆசிரியரின் பெயர் இங்குள்ள ஆளணிப் பட்டியலிலேயே கிடக்கிறது. கடதாசியில் வெற்றிடம் இல்லை, வகுப்பில் ஆள் இல்லை. வெற்றிடம் கேட்டுப் போகும் அதிபருக்குக் காட்டப்படுவதும் அந்தக் கடதாசிதான்.

உயர்தர ஆசிரியரை அவர் படிப்பிக்கும் பிள்ளைகளின் பரீட்சை முடிந்த பிறகே விடுவியுங்கள். அந்தத் திகதியைக் கடிதத்திலேயே எழுதிக்கொடுங்கள், அவரும் நம்பி இருப்பார். பதிலாள் வந்து கையெழுத்திடுவதற்கு முன் விடுவிக்க வேண்டாம். ஆனால் பதிலாள் இல்லை என்ற சாக்கில் ஒருவரை வருடக்கணக்கில் கட்டிப்போடுவதும் நியாயமில்லை. ஆளைத் தேடித்தருவது உங்கள் வேலை. இணைப்பில் இருப்பவர்களைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தை வெற்றிடமாகக் காட்டுங்கள்.

தங்குமிடமும் வேண்டும். எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஆசிரியர் குவார்ட்டர்ஸ் ஒன்று கூரை இறங்கிக் கிடக்கிறது. தகரமும் சீமெந்தும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் தந்தால் போதும், கொத்து வேலை தெரிந்த தகப்பன்மார் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானமாகச் செய்து முடிப்போம். அனுமதிக் கடிதத்தை அதிபருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், ஒரு தகப்பன்