28ஆம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள்

கட்டுமான டெண்டர்களுக்கு விவரக்குறிப்பு எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். ஒரு கட்டடம் எத்தனை காலம் நிற்கும் என்பதைப் பாதிக்குப் பாதி நீங்கள் எழுதும் பக்கங்களே முடிவு செய்துவிடுகின்றன. அவற்றில் கான்கிரீட் பற்றி வருவது பல நேரம் ஒரே வரிதான்: போட்ட 28ஆம் நாளில் இவ்வளவு வலிமை வேண்டும். அந்த வரியை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கான்கிரீட் பாரம் தாங்காமல் கெடுவது குறைவு. உள்ளே கம்பி துருப்பிடித்துக் கெடுவதுதான் அதிகம். நல்ல கான்கிரீட்டின் பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் உள்ளவரை கம்பி பத்திரம். கரியமில வாயுவோ உப்பிலுள்ள குளோரைடோ நுண்துளைகள் வழியே கம்பியை எட்டிவிட்டால் துரு தொடங்கிவிடும். துரு தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அப்புறம் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் தோலான கவர் வெடித்துப் பெயர்ந்து விழும். 28ஆம் நாள் எண் இதைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வதில்லை.

இதற்கான பொருள்கள் கையிலேயே இருக்கின்றன. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது பிணைப்புப் பொருளோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. வலிமைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல், சிலிக்கான் உலைப் புகையில் கிடைக்கும் நுண்தூளான சிலிக்கா ஃபியூம், சுட்ட களிமண்ணான மெட்டகயோலின் ஆகியவை அதோடு வினைபுரிந்து மேலும் பிணைப்பை உண்டாக்கி, துளைகளை அடைக்கின்றன. சிலிக்கா ஃபியூம் துகள் சிமெண்ட் துகளில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. சிமெண்ட் எடையில் 5 முதல் 10 சதவீதம் சேர்த்தாலே பலன் தெரியும். ஆனால் கலவை பிசுபிசுப்பாகும், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் தேவைப்படும். மேலே நீர் கசிந்து வராது என்பதால், போட்டவுடன் மூடாவிட்டால் மேற்பரப்பில் வெடிப்பு விழும். சாம்பலுக்கும் ஒரு குணம் உண்டு. குளோரைடை நன்றாகத் தடுக்கும். கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் கியூரிங் குறைந்தாலோ கரியமில வாயு வேகமாக உள்ளே இறங்கிவிடும். ஆகவே கடலோரப் பாலத்துக்கு எழுதியதை அப்படியே எடுத்து உள்நாட்டுக் கட்டடத்துக்கு ஒட்டாதீர்கள்.

டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் உருவாக்கிய, பாக்டீரியா மூலம் தன் வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும் கான்கிரீட்டும் அருமையானதுதான். அது பரவலாகும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் வலுப்பெறும். 28 நாளில் சற்றுப் பின்தங்கி, 90 நாளில் சாதாரணக் கலவையை முந்திவிடக்கூடும். உங்கள் வரி 28இல் நின்றுவிடுவதால், ஒப்பந்ததாரர் சாம்பலைக் குறைத்து சிமெண்டைக் கூட்டிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் கேட்டதைத்தான் அவர் தருகிறார். சுமை சீக்கிரம் ஏறாத அடித்தளத்துக்கும் தடித்த தூணுக்கும் 56 அல்லது 90 நாள் வலிமையை ஏற்றுக்கொள்ளுங்கள். குளோரைடு ஊடுருவல் சோதனைக்கும் ஒரு வரம்பு எழுதுங்கள்.

வலிமைச் சோதனைக்கு எடுக்கும் 15 செ.மீ. கான்கிரீட் கனசதுரத்தை, அதாவது கியூபைக் கொஞ்சம் பாருங்கள். அச்சைக் கழற்றிய நேரத்திலிருந்து தொட்டித் தண்ணீரிலேயே கிடக்கிறது. அதே கலவையில் போட்ட தூண் வெயிலில் நிற்கிறது; சுற்றிய சாக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. கம்பியைக் காக்க வேண்டிய கவர் அந்தத் தூணின் வெளித்தோலில்தான் இருக்கிறது, முதலில் காய்வதும் அதுதான். கியூப் பாஸ் ஆகிவிடும், தூண் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே இன்னொன்றும் கேட்கிறேன். கியூரிங்கை மற்ற வேலைகளோடு சேர்த்துவிடாமல், அளவுப் பட்டியலில் தனி இனமாக, தனி விலையோடு போடுங்கள். சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்த கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்று எழுதி, ஈரம் பார்த்துக் கையெழுத்திட்ட பதிவேடு இருந்தால் மட்டும் அதற்குரிய பணத்தை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
கான்கிரீட் வேலையில் இருக்கும் ஒரு பொறியாளர்