ஏற்காட்டை எரிமலை ஆக்காதே

அன்புள்ள மாப்ளே,

நலம். பதில் போடாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். நம்ம தாரமங்கலத்தான் பள்ளிக் கண்காட்சியில் ‘ஏற்காடு ஏரி: பழைய எரிமலை வாய்’ என்று போர்டு வைக்கப் போகிறானாம். நீ அதற்கு ‘சூப்பர்’ போட்டிருக்கிறாய். உனக்கே அடுக்குமா?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட், அதாவது பூமியின் ஆழத்தில் வெந்து மாறிய பாறை. வெளியே கொட்டிய எரிமலைக் குழம்பு சீக்கிரம் ஆறிவிடும். அதிலுள்ள கனிம மணிகள் கண்ணுக்கே தெரியாமல் சிறுத்துவிடும், வாயு போன துளைகள் நிற்கும். கொண்டை ஊசி வளைவில் பாறையை வெட்டிய இடத்தைப் பார்: பெரிய மணிகள், எண்ணெய் தடவினாற்போல் பசுஞ்சாம்பல் நிறம், ஒரு துளை இல்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கி.மீ.க்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்து மாறியது அது. மேலே கிடந்ததெல்லாம் தேய்ந்துபோய் வெளியே வந்திருக்கிறது. உச்சியிலுள்ள செம்மண்ணும் நெருப்பில் சுட்டதல்ல. பாறையிலிருந்த சிலிக்காவை (மணலின் மூலப்பொருள்) மழை கரைத்துப் போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைத்தது அதனால்தான்.

சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டு வெள்ளைக்கல்லை எரிமலைச் சாம்பல் என்கிறானாமே! ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த டியூனைட் பாறைக்குள் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் புகுந்து உண்டான மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட்) அது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடச் சொல். சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். வெள்ளைக்கல் அப்படியே கிடக்கும், அமிலத்தைச் சுடவைத்தால்தான் நுரைக்கும்.

பூமிக்குள்ளே எல்லாம் குழம்பு என்பதையும் அழிக்கச் சொல். 100 கி.மீ. ஆழத்தில் 1300 டிகிரி சூடு இருந்தாலும், மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் அடுக்கு கெட்டிதான். மேலே உள்ள பாரம் உருகவிடாது. ஐஸ்லாந்தில் பூமியின் மேல்தட்டுகள் விலகுவதால் பாரம் குறைந்து உருகுகிறது. ஹவாயில் அடியிலிருந்து கூடுதல் சூடு ஏறுகிறது. அந்தமானின் பாரன் தீவில் இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் இறங்கி, தன்னிடமுள்ள நீரைக் கக்குகிறது. அந்த நீர் மேலே உள்ள மேன்டிலின் உருகுநிலையை இறக்கிவிடுகிறது. 1991-இல்கூட அந்தத் தீவின் எரிமலை வெடித்தது. சேலத்துக்கு அடியில் இந்த மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை.

போர்டில் குழம்பு வந்தே தீரவேண்டுமென்றால் பக்கநாட்டைப் போடட்டும். 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கார்பனேட் குழம்பு புகுந்து உறைந்த கார்பனடைட் அங்கே இருக்கிறது. நம் மாவட்டம்தான், கௌரவம் குறையாது.

மாடலுக்கு ஆப்பசோடாவும் வினிகரும் வேண்டாம்; அது வெறும் ரசாயன வினை. குழம்பில் கரைந்த நீராவி, பாரம் குறைந்ததும் குமிழாகப் பிரிவதுதான் வெடிப்பு. சிலிக்கா 50 சதவீதம் இருந்தால் குழம்பு ஓடும், குமிழ் சுலபமாகத் தப்பிக்கும். 70 என்றால் இறுகிப் பிடித்துவைத்து வெடிக்கும். கோலி சோடாவைக் குலுக்கி உடைத்துக் காட்டட்டும். தலைமை விருந்தினரை மட்டும் தள்ளி உட்காரவை.

உன்
கல்லுளிமங்கன்